காய்க்காத ஜாதிக்காய் மரம்

கல்யாணமாகி ஆறு மாதம் கழித்துத்தான் கிஷன் துளசியை அந்தப் பூங்காவுக்கு அழைத்துப் போனான். டத்தோ கிராமாட்டில் அவர்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு காலத்தில் யாரோ ஒரு துரையின் ஜாதிக்காய்த் தோட்டம். பங்களா போய்விட்டது, அதன் கல்படிகளும் பழைய மரங்களும்தான் மிச்சம்.

"ஜாதிக்காயில ஆண் மரம், பெண் மரம் தனித்தனி," என்றான் கிஷன். "ஆண் மரம் காய்க்காது. பத்துப் பெண் மரத்துக்கு ஒரு ஆண் மரத்த விட்டுட்டு, மத்தத வெட்டிருவாங்களாம்."

"கொடுத்து வச்ச மரம்தான். இதெல்லாம் யாரு சொன்னா?"

அவன் யோசிக்காமல் சொல்லிவிட்டான். "குமுதா."

துளசிக்கு முன்னால் அவன் காதலித்தவள். ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டோம் என்று நிச்சயத்துக்கு முன்பே சொல்லியிருந்தான். துளசியும் பெருந்தன்மையாகத் தலையாட்டியிருந்தாள். இப்போது அந்தப் பெருந்தன்மையைத் தேடினாலும் கிடைக்கவில்லை. கல்படி, மரம், அவன் சொல்லும் கதை, எல்லாவற்றிலும் குமுதா முந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு பேரும் எங்க உட்காருவீங்க?"

"விடு லா."

"காட்டுங்க."

தூரத்தில் காயே இல்லாத ஒரு மரத்தடி பெஞ்சைக் காட்டினான். "அங்க வேணாம்மா. செவப்பெறும்பு கடிக்கும்."

"அவ உட்கார்ந்தப்ப எறும்பெல்லாம் லீவுல போயிருந்துச்சா?"

விறுவிறுவென்று போய் உட்கார்ந்தாள். உடனே கணுக்காலில் சுருக்கென்றது. எழுந்திருக்கவில்லை. கிஷன் மண்டியிட்டு எறும்புகளைத் தட்டிவிட்டான்.

"அவகூட வந்த இடத்துக்குத்தான் என்னையும் கூட்டிட்டு வரணுமா?"

"பக்கத்துல வேற பார்க் ஏது? இந்த பெஞ்சுக்கு மட்டும் வரக்கூடாதுன்னு நெனச்சேன்." அவன் பார்வை அவள் காலைவிட்டு நகரவில்லை. "இங்க உட்கார்ந்துதான் சொன்னா. நான் சரிப்பட்டு வரமாட்டேனாம். வேற ஒருத்தர முடிவு பண்ணிட்டாளாம்."

யார் யாரை வேண்டாமென்றது என்று துளசி இதுவரை கேட்டதில்லை. இப்போது அது தெரிந்ததும் மனசு குளிர்ந்திருக்க வேண்டும். மாறாக, எறும்பு கடித்ததைவிட அதிகமாக எரிந்தது.

"உங்கள வேணாம்னு சொல்ல அவ யாரு?"

கிஷன் நிமிர்ந்தான். "அவ சொன்னதாலதான நீ..."

"அது வேற. அப்படி என்ன கொற கண்டாளாம்?"

"எந்திரி. வீட்ல போய்ப் பேசலாம்."

"இங்கயே சொல்லுங்க. ஒண்ணு விடாம."

பெஞ்சில் ஊர்ந்துகொண்டிருந்த மற்ற எறும்புகளைத் துப்பட்டாவால் தட்டிவிட்டு, அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.