நாற்பத்தெட்டாம் தாகி

அன்று ஜம்யானின் கூடாரத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வாசலுக்கு நேர் எதிரே, விருந்தினருக்கு உரிய வடக்குப் பக்கத்தில், காப்பகத்தின் கால்நடை மருத்துவர் சொலொங்கோ. மேற்கே வனக்காவலர் நம்ஸ்ராய், தொப்பியைக் கழற்றாமல். கிழக்கே அடுப்போரம் ஜம்யானின் மனைவி தூல்மா. வாசலுக்குப் பக்கத்துப் பெட்டியின் மேல், முழங்காலில் தாளை வைத்துக்கொண்டு, இந்த வட்டாரத்தின் எழுத்தராகிய நான். ஜம்யான் உட்காரவில்லை, அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆறாவதாக ஒருவர் பிறகு வந்தார். அவரும் உட்காரவில்லை.

விஷயம் இதுதான். ஏப்ரல் பனிப்புயலில் ஜம்யானின் மஞ்சள் குதிரை காணாமல் போனது. அதே மாதக் கடைசியில் காப்பகத்தில் தாகிகளை, அதாவது காட்டுக்குதிரைகளை, எண்ணினார்கள். போன வருடம் நாற்பத்தேழு. இந்த வருடம் நாற்பத்தெட்டு. பட்டியலில் ஏறிவிட்ட குதிரையைத் தலைமை அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் யாரும் தொடக்கூடாது. அனுமதி கேட்டு எழுதத்தான் என்னை அழைத்திருந்தார்கள்.

"என் குதிரையக் காட்டுக்குதிரைன்னு எழுதி வச்சுக்கிட்டு, என்னையே கிட்ட போகாதேங்கிறான்!" என்றார் ஜம்யான்.

"நானூறு மீட்டர்லேருந்து தொலைநோக்கியில பாத்து எண்ணுறது அண்ணே. மஞ்ச உடம்பு, முதுகுல கறுப்புக் கோடு, குத்திக்கிட்டு நிக்கிற பிடரி, நெத்தியில ஒரு முடி இல்ல. தாகி வேற எப்படி இருக்கும்?" என்றான் நம்ஸ்ராய்.

"பிடரி நான் வெட்டினதுடா!"

எங்கள் பக்கம் பொலிக்குதிரையின் பிடரியில் கத்திரி படாது. காயடித்த குதிரைக்குத்தான் வசந்தத்தில் நாள் பார்த்து வெட்டுவது.

"நெத்தி முடியையும் சேத்துல்ல வெட்டுனீங்க? புதுக் கத்திரி வாங்குன ஜோரு. அன்னைக்கு நாய் தப்பிச்சதே பெருசு" என்றாள் தூல்மா.

நம்ஸ்ராய் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "கணக்கு தலைநகரம் வரைக்கும் போயிடுச்சுண்ணே. வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஓட்டுப் போட்டு அதுக்கு வீரன்னு பேர் வச்சிருக்காங்க."

"குதிரைக்குப் பேரா? ஏழு வருஷமா வளக்கிறேன், நானே வச்சதில்ல!"

சொலொங்கோ பதிவேட்டைப் புரட்டினார். "'வலுவான இளம் ஆண். இன்னும் பெட்டைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கூச்ச சுபாவம்.' இத யாரு எழுதினது?"

"நான்தான் டாக்டர்" என்றான் நம்ஸ்ராய்.

"கூச்சமாம்! காயடிச்சு நாலு வருஷம் ஆச்சுடா!" என்றார் ஜம்யான்.

தூல்மா சிரித்த சிரிப்பில் தேநீர் அடுப்பில் கொட்டிப் புகைந்தது.

"சிரிக்காதீங்க அக்கா" என்றார் சொலொங்கோ. " நாட்டுக்குதிரை ரெண்டு மாசம் தாகிங்களோட மேஞ்சிருக்குன்னா, எந்த உண்ணி எந்த நோயை ஏத்திவிட்டிருக்கோ. பொலிக்குதிரையா இருந்திருந்தா அடுத்த வருஷம் கலப்புக் குட்டிங்க பொறக்கும். ஒரிஜினல் தாகின்னு சொல்லிக்க இங்க மிச்சம் இருக்காது. அது வெளிய வந்தே ஆகணும். ஆனா எழுதுறதுக்கு ஆதாரம் வேணும்."

ஜம்யானுக்கோ அவசரம். இந்தக் கரையில் புல் தீர்ந்துவிட்டது. கோடை மேய்ச்சலுக்கு ஆற்றைக் கடக்க வேண்டும். வெள்ளத்தில் முதலில் இறங்கக்கூடியது அந்த மஞ்சள் குதிரை ஒன்றுதான். மற்றவை அதன் வாலைப் பார்த்தால்தான் தண்ணீரில் கால் வைக்கும். பத்து நாள் தாமதித்தால் இவருடைய மந்தை தாகிகளின் புல்லையும் மொட்டையடித்துவிடும்.

அப்போது வெளியே நாய் குரைத்து, உடனே நிறுத்திக்கொண்டது. தெரிந்தவரைப் பார்த்த நாய் அப்படித்தான் செய்யும். எட்டிப் பார்த்தோம். குதிரைகளைக் கட்டும் கயிற்றின் ஓரத்தில், கட்டாமலேயே, ஒரு பின்னங்காலை மடித்துக்கொண்டு வீரன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"யாரும் கிட்ட போகாதீங்க! தாகியிலேருந்து இருநூறு மீட்டர் தள்ளி நிக்கணும்!" என்று கத்தினான் நம்ஸ்ராய்.

"அது எங்க வாசல்ல வந்து நிக்குது. இருநூறு மீட்டர் தள்ளி நாங்க எங்கடா போறது, ஆத்துக்குள்ளயா?" என்று தூல்மா சீப்போடு இறங்கிப் போனாள். இடது தொடையில் நாலு இழுப்பு. குளிர்கால ரோமம் கத்தை கத்தையாக உதிர்ந்தது. அடியில் பிறையும் கோடுமாக ஜம்யான் வீட்டுச் சூட்டுக்குறி.

சொலொங்கோ குனிந்து வயிற்றுக்கு அடியிலும் பார்த்துவிட்டு, "கூச்சத்துக்குக் காரணம் இருக்கு" என்றார். பிறகு ரத்தம் எடுத்தார். குதிரை கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

நம்ஸ்ராய்க்கு முகம் செத்துவிட்டது. "நாப்பத்தேழுன்னு எழுதினா, ஒண்ணு செத்துப்போச்சான்னு கேப்பாங்க டாக்டர். சடலத்த அனுப்புன்னும் கேப்பாங்க. என் வேலை போச்சு."

"நானும்தான கையெழுத்துப் போட்டேன். ரெண்டு பேரும் சேந்தே திட்டு வாங்கிக்குவோம். நீங்க நடந்தத நடந்தபடி எழுதுங்க அண்ணே" என்றார் அவர் என்னிடம்.

எழுதினேன். புயல், கத்திரி, தொலைநோக்கி, சூட்டுக்குறி என்று வரிசையாக. எழுதி முடித்தபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. தலைமை அலுவலகம் அக்கரையில். அங்கிருந்து தலைநகரத்துக்குத் தபால் கொண்டுபோகும் லாரி மாலையில் கிளம்பிவிடும். அடுத்தது இரண்டு வாரம் கழித்து. வெள்ளத்தில் ஜீப் இறங்காது.

ஜம்யான் சேணத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

"பட்டியல்ல இருக்கிற மிருகத்து மேல ஏறினா நான் வழக்குப் போடணும்" என்றான் நம்ஸ்ராய். பிறகு வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். "நான் டீ குடிச்சிட்டிருக்கேன்."

"காலிக் கிண்ணத்துல" என்றாள் தூல்மா.

நான் கடிதத்தை மறுபடி பிரித்து அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'மேற்படி விவரங்களில் சந்தேகம் இருப்பின், இக்கடிதத்தைச் சுமந்து வந்து உங்கள் வாசலில் நிற்கும் நாற்பத்தெட்டாம் தாகியை நேரில் பார்த்துக்கொள்ளவும். சேணத்துடன் இருக்கும்.'

உறையை ஒட்டி, முத்திரை குத்தி, ஜம்யானின் அங்கி மார்புக்குள் செருகினேன். வீரன் கொட்டாவி விட்டுவிட்டு ஆற்றில் இறங்கினான்.