தலைவருக்கு எழுபது

அந்தக் கேக்கைத் தின்றிருக்கவே கூடாது என்று தையல்காரி பிறகு எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

பரோல் வாரியத்தின் விசாரணை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். கூடப் பிறந்த ஒரே தம்பி. ஜெயில் ஆஸ்பத்திரியில் நுரையீரல் இரண்டும் கெட்டு, மூச்சுக்கு மூச்சு போராடிக்கொண்டு கிடந்தான். செய்த குற்றத்துக்குப் பாதி ஆயுசைக் கொடுத்தாயிற்று. மிச்சமிருக்கும் கொஞ்ச நாளாவது வீட்டில் கிடக்கட்டும் என்றுதான் அவள் மனுப் போட்டிருந்தாள்.

உள்ளே கைதட்டல் கேட்டது. பியூன் ஒரு காகிதத் தட்டோடு வெளியே வந்தார்.

"தலைவர் ஐயாவுக்கு இன்னிக்கு எழுபது. நீங்களும் எடுத்துக்கோங்கக்கா."

பிறந்தநாள் அதுவுமா வாய் திறந்து இல்லை என்று சொல்ல மாட்டார் என்ற நப்பாசையில் வாங்கித் தின்றாள்.

சொல்லவும் இல்லை. தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. மருத்துவ அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஆளை இன்னும் வெச்சிருந்து என்ன பண்ணப்போறோம்?" என்றார். பக்கத்திலிருந்த டாக்டரம்மாவும் இன்னொரு உறுப்பினரும் தலையாட்டினார்கள். கையெழுத்து விழுந்தது.

"நூறு வயசு நல்லா இருக்கணும் ஐயா!"

"எழுபதே போதும்மா" என்று சிரித்தார் மனிதர்.

வீட்டுக்கு ஓடினாள். தையல் மெஷினை வாசல் பக்கம் நகர்த்தி, ஜன்னலோரம் கட்டிலைப் போட்டாள். தம்பிக்குப் புதுச் சட்டை தைத்தாள். போன முறை பார்த்தபோது எலும்பும் தோலுமாக இருந்தானே என்று அளவைக் குறைத்தே வெட்டினாள்.

சட்டையோடு ஜெயில் வாசலுக்குப் போனால், உத்தரவு செல்லாது என்றார்கள். பதறியடித்துக்கொண்டு வாரியத்துக்கு ஓடினாள். செயலாளர் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"தலைவருக்கு எழுபது வயசு ஆகுற அன்னிக்கே பதவி தானா போயிடும்மா. சட்டம் அப்படி. அன்னிக்கு அவர் உக்காந்ததே தப்பு."

"கேக்கு வாங்கினது யாரு?"

"...நான்தான்."

"அதுல எழுபதுன்னு எழுதச் சொன்னது?"

செயலாளர் ஒரு கோப்பை இழுத்துப் புரட்டினார். நல்ல கூத்து! மெழுகுவத்தி ஏற்றத் தெரிந்திருக்கிறது, அத்தனை பேரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

"அந்த டாக்டரம்மா தலைவரா உக்காந்து கையெழுத்துப் போடக் கூடாதா? அவன் நிலைமை அவங்களுக்குத் தெரியுமே!"

"நீதிபதியா இருந்தவங்கதான் தலைவராகலாம். தலைவர் இல்லாம வாரியம் கூடவும் முடியாது. ஆளைத் தேடிட்டு இருக்காங்கம்மா."

"அவன் உயிரு அதுவரைக்கும் காத்திட்டு இருக்குமா?"

பழைய தலைவர் வீட்டுக்கும் போனாள். கேட்டைப் பிடித்தபடி நின்ற அவர் ஒரே நாளில் கிழடு தட்டிப்போயிருந்தார். "ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னேன். என் வயசை மறந்துட்டேம்மா. புதுசா வர்றவர்கிட்ட நானே பேசறேன்."

நாக்கு நுனிவரை வந்த சாபத்தை விழுங்கினாள். நூறு வயசு என்று வாழ்த்திய வாயாயிற்றே.

புதுத் தலைவர் வரவில்லை. ஜெயிலிலிருந்து போன்தான் வந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தம்பியை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அவள் அழவில்லை. ஜெயில் அதிகாரியிடம் கேட்டாள்.

"புதுத் தலைவர் வந்துட்டாரா சார்?"

"எதுக்கும்மா?"

"இவனை வெளியே விடணுமே."

"பாடியை ஒப்படைக்க வாரியம் எதுக்கும்மா? நான் போட்டாலே போதும்" என்று ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவள் பையிலிருந்த சட்டையை எடுத்துத் தம்பிக்குப் போட்டுவிட்டாள். அத்தனை குறைத்துத் தைத்தும், அது அவனுக்குத் தொளதொளவென்றுதான் இருந்தது.