ஓரத்தில் நின்றால் சதை போடும்

எடைமேடைக்காரருக்கு வேலையில் இருந்தவரை ஒரு சின்னப் பொய் சொல்லக்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை. முப்பத்தைந்து வருடம், நாளுக்கு இருநூறு லாரி, ஒவ்வொன்றையும் மேடையில் ஏற்றி நிறுத்து, கிலோ பிசகாமல் சீட்டு எழுதிக் கொடுத்த மனிதர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அணை உடைந்தது. அவர் பேச்சில், வீட்டுக் குழாயில் சொட்டிய தண்ணீர் அருவியானது. எதிர்வீட்டு நாய் குதிரை உயரத்துக்கு வளர்ந்தது. ஒரு மாதத்தில் தெருவே அவரைப் 'பெருக்கல்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவர் மனைவி தையல்காரி, அரை அங்குலத்துக்கு உயிரை விடுகிறவள். "அவர் சொல்றதைப் பத்தால வகுத்துக்குங்க, மீதி ஏதாவது வந்தா அதை நம்புங்க" என்று துணி கொடுக்க வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாள்.

அந்த வீட்டில் இப்போது ஒரே பேச்சு, மகளின் அறை. மகள் ரயிலில் போனால் அரைநாள் ஆகும் தூரத்தில், குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். பயிற்சிக் காலம், லீவு கிடையாது. தையல்காரிக்கோ முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மகள் இருப்பது நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. போனில் முகம் பார்த்துப் பேசலாம் என்றால், மகள் தன் நெற்றியையும் மின்விசிறியையும் மட்டும்தான் காட்டுவாள்.

"ரூம் எப்படிடீ இருக்கு?"

"சூப்பரா இருக்கும்மா."

"சாப்பிட்டியா?"

"ஓ."

அந்த 'ஓ'தான் அம்மாவுக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறா உங்க பொண்ணு" என்றாள் கணவரிடம். "நீங்க போய் அந்த ரூமைப் போட்டோ புடிச்சிட்டு வாங்க. பார்த்து என் மனசு ஒப்பலைன்னா, மூட்டையைக் கட்டிட்டு வந்துடுன்னு சொல்லிடுவேன். இங்க இல்லாத வேலையா?"

சொன்னால் சொன்னதுதான். மகளும் அம்மா வார்த்தையைத் தட்டியதில்லை.

பெருக்கல், ஓய்வுப் பணத்தில் ஆசையாக வாங்கிய டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அறை இருந்த லட்சணத்துக்குக் கேமராவே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தது. கூடவே வந்த பதினெட்டு-ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸில், சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் கட்டிலில் பாதிதான் விழுந்தது. மீதியை எடுக்க ஜன்னலுக்கு வெளியே அந்தரத்தில்தான் நிற்க வேண்டும். நாற்பது படம் எடுத்து, பிரிண்ட் போட்டுக்கொண்டு திரும்பினார்.

தையல்காரி அவற்றை வெட்டு மேசையில் பரப்பிப் பார்த்தாள்.

"கை ஒரு பக்கம், காலர் ஒரு பக்கம். இதை எப்படிங்க சட்டையாத் தைக்கிறது? அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவுல புள்ள நிக்க இடம் இருக்கா இல்லையா, ஒண்ணும் தெரியலையே."

அன்றைக்கே மகள் அப்பாவைத் தனியாகப் போனில் அழைத்தாள். "அப்பா, எனக்கு இந்த வேலை ரொம்பப் புடிச்சிருக்குப்பா. அம்மா வான்னுட்டா என்னால இருக்க முடியாது. எப்படியாவது நல்லாத் தெரியற மாதிரி எடுங்கப்பா."

கேமரா பழுதுபார்க்கிறவரின் கடை, ஒரு படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டியபடி பெருக்கலின் கதையைக் கேட்டார். கதையில் அறை தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"உங்களுக்கு வேண்டியது அல்ட்ரா வைடு, ரொம்ப அகலமா எடுக்கற லென்ஸ். பத்து மில்லிமீட்டர்ல ஆரம்பிக்கிறது."

"என்கிட்ட பதினெட்டு இருக்கே. எட்டு மில்லிமீட்டர், ஒரு எறும்போட நீளம். அதுக்குப் போய் ஒரு லென்ஸா?"

"அம்பதுக்கு மேல எட்டு வித்தியாசம்னா ஒண்ணுமே இல்ல பெரியவரே. பதினெட்டுக்குக் கீழ எட்டுன்னா, ரெண்டு பக்கமும் ரெண்டு சுவர் உள்ள வந்துடும்."

கடைக்காரர் மூன்று லென்ஸ்களை எடுத்து வைத்தார். முதலாவது, பெருக்கலின் கேமராவைச் செய்த கம்பெனியின் உயர்ந்த வகை. அதன் விலையைக் கேட்டதும் பெருக்கல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், தொட்டாலே காசு கேட்பார்களோ என்று. இரண்டாவது வேறு கம்பெனியுடையது, பழையது, கல்லுக்குண்டு மாதிரி கனம். தூக்கிப் பார்த்ததுமே "அறுநூறு கிராம்" என்றார் பெருக்கல். தராசில் வைத்தார்கள். ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. எடை விஷயத்தில் மட்டும் அவருக்கு நாக்கு புரளாது.

"வெளிச்சம் கம்மியா இருந்தாலும் இது எடுக்கும்" என்றார் கடைக்காரர். "நட்சத்திரம் எடுக்கிறவங்க உயிரைக் கொடுப்பாங்க. ஆனா உங்க கேமராவுக்குள்ள இதைத் திருப்பற மோட்டார் இல்ல. ஃபோகஸைக் கையாலதான் திருப்பணும். நீங்க நட்சத்திரமா எடுக்கப் போறீங்க?"

"நட்சத்திரம்தான். நாலாவது மாடியில இருக்கு."

கடைக்காரர் சிரித்து மூன்றாவதைத் தள்ளினார். அதே கேமராக் கம்பெனிதான், ஆனால் எளிய வகை. மாட்டும் வளையம்கூட பிளாஸ்டிக். வெளிச்சம் குறைவாகத்தான் வாங்கும், ஆனால் கை நடுக்கத்தை உள்ளேயே தாங்கிக்கொள்ளும். விலை முதலாவதில் பாதிகூட இல்லை.

"ரூம் எங்கயும் ஓடிப் போகாது. ஜன்னலைத் திறந்து வெச்சு நிதானமா எடுங்க, இது போதும். வீட்டுத் தரகருங்க எல்லாம் இதைத்தான் வாங்கறாங்க."

"அவங்களுக்கு எதுக்கு?"

"இதுல எடுத்தா குளியலறை கல்யாண மண்டபமாத் தெரியும்."

பெருக்கலின் முகத்தில் சூரியன் உதித்தது. கண்ணாடியிலேயே ஒரு பெருக்கல் குறி! தன் கூடப் பிறந்த தம்பியைக் கண்டெடுத்தவர்போல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும்" என்றார் கடைக்காரர். "ஆளை ஓரத்துல நிறுத்தாதீங்க. இழுத்துடும்."

பெருக்கலின் காது அதற்குள் ரயிலேறியிருந்தது.

மறுபடி நாலு மாடி. வாசல் மூலையில் முதுகை ஒட்டி, லென்ஸைப் பத்தில் வைத்துப் பார்த்தார். அடடா! கட்டில், அடுப்பு, ஜன்னல், அலமாரி, தரை, கூரை எல்லாம் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தன. கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் பஸ் விடலாம். மகளை அடுப்புப் பக்கம் நிற்கச் சொல்லி அழுத்தினார்.

வீட்டில், தையல்காரி படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தாள். முதலில் அவள் பார்த்தது அறையை இல்லை, மகளைத்தான். பார்த்தவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏங்க, புள்ள சதை போட்டிருக்காங்க! கன்னத்தைப் பாருங்க, தோளைப் பாருங்க. நான்தான் வீணா உசிரை விட்டுட்டேன்."

பெருக்கல் பார்த்தார். மகள் படத்தின் வலது ஓரத்தில் நின்றிருந்தாள். லென்ஸ் அவளைப் பக்கவாட்டில் இழுத்து, இரண்டு மாதச் சாப்பாட்டை ஒரே நொடியில் ஊட்டியிருந்தது. நேரில் பார்த்த பெண்ணோ அதே குச்சிதான். மனைவி முகத்தில் இந்தச் சிரிப்பைப் பார்த்து ஆறு மாதம் ஆகிறது. 'ஆமாம்' என்ற ஒரு சொல் போதும், மகளின் வேலையும் பிழைத்துவிடும். ஆயிரம் பொய்யை அனாயாசமாகச் சொன்ன வாய்க்கு அந்த ஒரு சொல் மட்டும் கிலோக் கணக்கில் கனத்தது.

"அது வந்து..." என்றார். "அது சதை இல்ல. ஓரத்துல நின்னா இந்த லென்ஸ் இழுத்துடும். கடைக்காரர் சொன்னாரு, நான் காதுல வாங்கலை. புள்ள அப்படியேதான் இருக்கா. ரூமும் இவ்வளவு பெருசு இல்ல."

தையல்காரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனிதர் ஒன்றைச் சின்னதாக்கிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

மறுபடி திரையில் குனிந்தாள். விரலை வைத்துத் தரையின் ஓடுகளை எண்ணினாள். "ஒரு ஓடு ஒரு அடின்னு வெச்சாலும் எட்டுக்கு ஒன்பது" என்றாள். சிரிப்பு போய்விட்டது. மகளை வரச் சொல்ல அவள் கை போனைத் தேடப் போகிறது என்று பெருக்கல் காத்திருந்தார்.

விரல் மகளைத் தாண்டி, படத்தின் கடைசி ஓரத்துக்குப் போய் நின்றது. "இது என்ன?"

அடுப்புக்குப் பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த தட்டுகள். மகளைவிட மோசமாக இழுபட்டு முட்டை வடிவத்தில் இருந்தன.

"தட்டு. அதுவும் சதை போட்டிருக்கு."

"அது தெரியுது. ஏன் ரெண்டு? டம்ளரும் ரெண்டு."

போனை எடுத்தாள். "யாருடீ அந்த ரெண்டாவது தட்டு?"

"பக்கத்து ரூம் அக்காதாம்மா. மருந்துக்கடையில வேலை. நான் சாப்பிடாம படுத்துடறேன்னு தட்டைத் தூக்கிட்டு வந்து உக்காந்துடுவாங்க. சாப்பிட்டாத்தான் எழுந்து போவாங்க. போதும்னா திட்டு விழும்."

"எதுக்கு எங்கிட்ட சொல்லலை?"

"நான் சாப்பிடாம படுக்கறேன்னு சொன்ன மாதிரி ஆயிடுமே."

"திட்டறாங்களா?"

"உன்னை விட அதிகமா."

தையல்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப சரி, இரு" என்றாள். வேலையை விடும் பேச்சு அதோடு முடிந்தது. அந்தப் பக்கம் மகள் விட்ட மூச்சு, போனில் புயலடித்ததுபோல் இரைந்தது.

போனை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வலித்த காலை மெதுவாக ஊன்றி, சமையலறைப் பக்கம் நடந்தாள். உள்ளேயிருந்து பாத்திரச் சத்தம் கேட்டது.

"என்ன தேடறே?" என்றார் பெருக்கல்.

"இன்னும் ரெண்டு தட்டு எடுத்து வைக்கறேன். கால் சரியானதும் போவோம்ல, அங்க நமக்கு எதுல சாப்பிடறது?"