சங்கிலி கழன்ற பௌர்ணமி

கவிநிலா சோற்றை ஒரு பக்கமாகவே மென்றாள். அப்பா மாறன் அதைக் கவனித்ததே தற்செயல்.

"வாயத் திற."

மேல் ஈறிலிருந்து நூல் போன்ற பொன்னிறச் சங்கிலி ஒன்று, கம்பியை விட்டுக் கழன்று ஆடிக்கொண்டிருந்தது.

ஒன்பது வயதாகியும் அவளுக்கு முன்பல் ஒன்று வெளிவரவில்லை. ஈறுக்குள்ளேயே படுத்துக் கிடந்தது. இரண்டு மாதத்துக்கு முன் டாக்டர் ஆர்த்தி ஈறைக் கீறி, அந்தப் பல்லில் சங்கிலியை ஒட்டி, மற்றப் பற்களில் போட்ட கம்பியோடு கட்டினார். மாதம் ஒருமுறை இறுக்கினால் பல் மெல்ல இறங்கிவரும். கீறிய அன்று அவள் போட்ட சத்தம் வெளியறை வரை கேட்டது. மாறன் வெளியறையில்தான் இருந்தான். எழுந்து போகவில்லை.

"எத்தினி நாளா இப்புடி?"

"மூணு நாளு."

"ஏன் சொல்லல?"

அவள் தட்டைப் பார்த்தாள். "சொன்னா நீ பேசாம உக்காந்துப்ப."

அவன் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு போனை எடுத்தான்.

"நாலு மணிக்குள்ள வந்துடுங்க" என்றார் டாக்டர். "சாயங்காலம் நான் ஊருக்குப் போறேன், வர பத்து நாளாவும். அதுக்குள்ள சங்கிலி மேல சதை மூடிக்கிச்சுன்னா மறுபடி கீறணும்."

கவிநிலா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று பௌர்ணமி. அவர்கள் வீடிருந்த அடி அண்ணாமலையில் வண்டி எடுக்க வழியில்லை. கிளினிக் செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம். கிரிவலக் கூட்டம் அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்தது. அவர்கள் இங்கிருந்து அங்கே நடந்தார்கள்.

எதிரே முகங்கள். குடும்பம் குடும்பமாக, கைகோத்து, சுண்டல் கொறித்துக்கொண்டு. மனைவி தேவிப்ரியா இறந்த பதினான்கு மாதத்தில் அவன் இத்தனை முகங்களை நேருக்கு நேர் பார்த்ததில்லை.

"யோவ், எதிர்ல வரியே, எந்த ஊரு?"

"இந்த ஊருதான்."

"இந்த ஊருக்காரனே இப்புடின்னா!" கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

மஞ்சள் புடவைக்காரி ஒருத்தி வழியை மறித்தாள். "மலைய எதிர்ப்பக்கமா சுத்தக் கூடாதுப்பா. கொழந்தைய வேற இட்டுனு போற. இவ அம்மா எங்க?"

மாறன் விலகிப் போகப் பார்த்தான்.

"அம்மா இல்ல" என்றாள் கவிநிலா, பொத்திய கையை எடுக்காமலே. புடவைக்காரி ஒதுங்கிக்கொண்டாள்.

அதற்குமேல் அவளுக்கு நடை தளர்ந்தது. மணி மூன்றேகால். மாறன் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். எடை கூடியிருந்தாள். எப்போது கூடியதென்று அவனுக்குத் தெரியவில்லை.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் போய்ச் சேர்ந்தார்கள். டாக்டரின் பயணப் பை வாசலிலேயே இருந்தது. அவர் சங்கிலியை இடுக்கியால் பிடித்துக் கம்பியில் கட்டினார்.

"தப்பிச்ச. கீற வேணாம்."

நாற்காலியில் விறைத்திருந்த அவள் கால்கள் தளர்ந்தன.

"வீட்ல தினமும் யாரு வாயப் பாக்குறது?"

"நானே கண்ணாடில பாத்துப்பேன்."

"மூணு நாளா பாத்துனுதான இருந்த? இன்னா பண்ண?"

"நான் பாக்குறேன்" என்றான் மாறன்.

கவிநிலா அவனைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்தாள், இதை நம்பலாமா என்பதுபோல.

டாக்டர் சிறிய டார்ச்சை அவனிடம் நீட்டினார். "இப்பவே பாத்துக்கோங்க, எங்க கட்டியிருக்குன்னு."

அவன் இரண்டடி தள்ளி நின்றபடி குனிந்தான். "நல்லாத் திற."

"தொறந்துனுதாம்ப்பா இருக்கேன். நீ கிட்ட வா."