நாற்பத்திரண்டாவது நிமிடம்

படம் சரியாக நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் நின்றது. மேடையேறி மைக்கை வாங்கக் கை நீட்டியவன் அப்படியே உறைந்து, மூக்குக்குக் கீழே சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிதறிப்போனான். அதே ஆள்தான் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"பாத்துக்க. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே என் வாய் காணாமப் போயிடுது," என்றான்.

பேசியவன் தம்பி. லாரி ஓட்டுகிறவன் என்பதால் குடும்பத்தில் எல்லோருக்கும் டிரைவர். டிவிக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவர் அண்ணன். இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை நடத்துகிறவர். தொலைபேசி நிலையத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்த அம்மா ஓய்வு பெற்றபோது, பிரிவுபசார விழாவை அவர்தான் கேமராவில் பிடித்தார். மூன்று வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காட்சிகளைக் கோர்த்து, ஒன்பது டிவிடி எழுதி, ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, அதற்குப் பிறகு தலைப்பும் தேதியும் தன் கையால் எழுதிய வட்டமான காகித லேபிளை ஒட்டி, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தார்.

டிரைவர் தன் மாமனார் வீட்டு ஆட்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து டிவிடியைப் போட்டான். பிறந்ததிலிருந்து அவன் மைக் பிடித்துப் பேசியது அந்த ஒரு நாள்தான். லாரியில் தனியாகப் போகும்போது இரண்டு நாள் சொல்லிச் சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்த பேச்சு. அது வரும் இடத்தில் படம் நின்றுவிட்டது. அன்றைக்கே போன் செய்து, "என்னை வெட்டிட்டியா?" என்று கேட்டான். மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். சிரித்ததுதான் தப்பு. அம்மா இருக்கும் அண்ணன் வீட்டுப் பக்கம் அவன் எட்டிப் பார்த்து மூன்று மாதம் ஆகிறது.

இன்று காலை அம்மா மருந்துக்கடைக்காரரிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "ஒண்ணு படத்தைச் சரி பண்ணு, இல்ல அவனைச் சரி பண்ணு. ரெண்டுல ஒண்ணு ஆகாம வீட்டுக்கு வராதே."

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், பையும் கையுமாகத் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். முதலில் டிஸ்க்கை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துடைத்தார். நின்றது. பிளேயர் மேல்தான் சந்தேகம் என்று, டிரைவரின் மனைவியிடம் கடையில் வாங்கிய சினிமாப் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போட்டார். அது ஓட்டமாய் ஓடியது.

"மாமா, அதுல சண்டை வரைக்கும் பாத்துட்டு எடுங்களேன்," என்றாள் அவள்.

பையிலிருந்து தன்னுடைய பிரதியை எடுத்துப் போட்டார். அதுவும் அதே இடத்தில் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றது.

"ரெண்டும் ஒரே இடத்துல நின்னா என்னண்ணே அர்த்தம்? அந்த இடத்துல கத்தரி விழுந்திருக்குன்னு அர்த்தம்."

"வெட்டினா அடுத்ததுக்குத் தாவும்டா. இப்படித் திக்கித் திணறாது."

"நல்லாப் படிச்சவன் நீ. எப்படி வேணா வெட்டுவ."

அவருக்குச் சுருக்கென்றது. டிஸ்க்கை வெளியே எடுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. மாத்திரை அட்டையைத் தடவிப் பார்க்கும் பழக்கத்தில் விரல் தானாக அதன்மேல் போயிற்று. லேபிளின் ஓரம் ஒரு பக்கம் மெல்ல உப்பியிருந்தது. வெளிச்சத்தில் கிடைமட்டமாகப் பிடித்துப் பார்த்தார். டிஸ்க்கும் மயிரிழை வளைந்திருந்தது. பிளேயர் சூடாக ஆக, காகிதம் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. உள்ளிருந்து வெளியே படித்துக்கொண்டு வரும் பிளேயர், ஓரத்தை நெருங்கும்போது தடுமாறியிருக்கிறது. அவர் ஓட்டிப் பார்த்ததெல்லாம் லேபிள் ஒட்டுவதற்கு முன்னால். லேபிள் இல்லாத புட்டியைக் கடையில் ஒரு நிமிடம்கூட வைத்திருக்க மாட்டார். அந்தக் கை சும்மா இருக்கவில்லை. மற்ற ஏழு வீட்டிலிருந்தும் ஏன் புகார் வரவில்லை என்று யோசித்தார். நாற்பத்திரண்டு நிமிடம் வரை யாரும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"தப்பு என்னுதுதான். லேபிள் ஒட்டியிருக்கக் கூடாது," என்றார்.

"உன் கையெழுத்து என் வாயை அடைச்சிருச்சா?"

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

பையின் அடியில், பழைய உறைக்குள், முதன்முதலில் சோதனைக்காக எழுதிய டிஸ்க் ஒன்று இருந்தது. மொட்டையாக, லேபிள் இல்லாமல். யாருக்கும் கொடுக்கக் கூசி ஒதுக்கி வைத்தது. அதைப் போட்டார். வேகமாக ஓட்டினால் சரியாக இருக்காது என்று மூன்று பேரும் நாற்பத்திரண்டு நிமிடமும் உட்கார்ந்து பார்த்தார்கள். மேலதிகாரி பேசினார். இரண்டு தோழிகள் அழுதார்கள். டிரைவர் மைக்கை வாங்கினான், படம் நிற்கவில்லை.

சோபாவிலிருந்தவன் காலைக் கீழே போட்டு முன்னால் நகர்ந்தான். திரையிலிருந்தவன் நன்றாகத்தான் பேசினான். அம்மாவின் தோழிகளுக்கு நன்றி சொன்னான், வாசல் காவலருக்குச் சொன்னான், இரவு வேலைக்கு அம்மாவைக் கொண்டுவிட்ட ஆட்டோக்காரருக்கும் சொன்னான். ஏழு நிமிடத்தில் அண்ணன் என்ற சொல் வரவில்லை. முடிக்கும்போது, நெஞ்சில் கை வைத்து, "எங்கம்மாவுக்குன்னு நான் ஒருத்தன் இருக்கேன். நான் பாத்துக்குவேன்," என்றான். கைதட்டல் எழுந்தது. அந்த நேரத்தில் கேமரா பிடித்த கை தாழ்ந்து, படம் சரிந்து, மேடையின் காலையும் யாரோ கழற்றிவிட்ட செருப்பையும் காட்டிவிட்டு, மறுபடி மேலேறி அவன் முகத்தில் நின்றது.

டிரைவரின் மனைவி அவனைப் பார்த்தாள், பிறகு மருந்துக்கடைக்காரரைப் பார்த்தாள், பாத்திரம் எடுக்க எழுந்து போனாள்.

டிரைவர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்த இடத்தையாவது வெட்டியிருக்கலாம்ல, அண்ணே?"

"நீ நல்லாப் பேசினடா," என்றார் மருந்துக்கடைக்காரர். "அம்மா அன்னிக்கு உன்னையேதான் பாத்துக்கிட்டிருந்தா. அதை எப்படி வெட்டறது?"

சொல்லிவிட்டு, உப்பிய லேபிளை நகத்தால் உரிக்கத் தொடங்கினார். அது வராமல் நார் நாராகக் கிழிந்தது. டிரைவர் இறங்கித் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு டிஸ்க்கை எடுத்து மறு ஓரத்திலிருந்து உரித்தான்.

படத்தை யாரும் நிறுத்தவில்லை. விழா முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசையருகே அம்மா தட்டோடு நின்று, கேமராவை நேராகப் பார்த்தாள். "போதும்டா புடிச்சது, நீயும் வா," என்று கையசைத்தாள். கேமரா நகரவில்லை. அவள் மறுபடியும் கையசைத்தாள், இன்னும் கொஞ்சம் பலமாக.