பதினாலாம் நம்பர் பலகை

அந்தச் சனிக்கிழமை காலை திகாம் பத்து ஊர்த் தச்சுப் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: பழனியாண்டி, அவர் மனைவி நவமணி, மகன் விக்னேஸ்வரன், மேசைகளை ஏற்றிப்போக வந்த லோரிக்காரர் கைருல், மேசைகளைச் செய்யச் சொன்ன ஷாமளா. வேறு யாரும் இல்லை. வேறு யார் வாயிலிருந்து எது வந்தாலும் அது கேள்விப்பட்ட கதை.

ஷாமளா சுங்கை பட்டாணியில் தோட்டத்தோடு ஒரு காப்பிக்கடை திறக்கப்போகிறாள். மரத்தடியில் போட ஆறு மேசை கேட்டிருந்தாள். எஸ்டேட்டில் இடித்துப்போட்ட தொழிலாளர் லயத்து வீடுகளின் பலகையில்தான் செய்ய வேண்டும்; ஆணி ஓட்டை, சுண்ணாம்புக் கறை, வீட்டு நம்பர் எல்லாம் அப்படியே தெரிய வேண்டும் என்பது பேச்சு. விக்னேஸ்வரனுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். அப்பனும் மகனும் மூன்று மாதம் பலகை பிரித்து, ஆணி பிடுங்கி, அறுத்துச் செய்தார்கள். போன வாரம் பார்க்க வந்தபோதுதான் ஷாமளா, “எங்க தாத்தா அந்த எஸ்டேட்லதான் கிராணியா இருந்தாரு, ஆபீஸ் கணக்கெல்லாம் அவருதான்” என்று பழனியாண்டியின் காதுபடப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழனும் வெள்ளியும் விக்னேஸ்வரன் வேலையாக அலோர் ஸ்டார் போயிருந்தான். சனிக்கிழமை ஷாமளாவின் முன்னால்தான் மேசைகளை மூடியிருந்த படுதாவை இழுத்தான்.

ஆறு மேசையும் கண்ணாடிபோல இழைத்துக் கிடந்தன. சுண்ணாம்புப் பொட்டு இல்லை. நம்பர் ஒன்றுகூட இல்லை.

“சாந்தேக், பாக்சிக்!” அழகாயிருக்கிறது பெரியவரே என்று மலாயில் கைருல் ஒருவர்தான் தடவிப் பார்த்துப் பாராட்டினார்.

“அப்பா, நம்பர்லாம் எங்கப்பா?”

“இழைச்சிட்டேன்.”

“வழவழன்னு வேணும்னா நான் கடையிலயே வாங்கியிருப்பேன் லா, அங்கிள்.” ஷாமளா சிரிக்கப் பார்த்தாள். “செவப்புப் பெயிண்டுல பதினாலு இருந்துச்சே? அதத்தான் வாசல்ல போடலாம்னு இருந்தேன். வர்றவங்க போட்டோ புடிப்பாங்க.”

பதினாலு என்பது பழனியாண்டி பிறந்த லயத்து வீடு. அவர் அப்பா அம்மாசியைக் கிராணி ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏய் பதினாலு’ என்பார். அம்மாசி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிராணி வீட்டு வாசலில் நிற்பார். அங்கே பெஞ்சு கிடந்தது. உட்காரச் சொன்னதில்லை.

“ஒங்க தாத்தா எங்கப்பன நம்பர் சொல்லித்தாம்மா கூப்ட்டாரு. அந்த நம்பர ஒங்க வாசல்ல படம் புடிக்க நான் மேச செய்ய முடியாது.”

“எங்க தாத்தா அப்படிப்பட்டவரு இல்ல, அங்கிள்.”

“அப்ப நீ பொறக்கவே இல்ல.”

“போதும் விடுங்க. அந்தப் புள்ள என்னா செஞ்சிச்சு?” என்றாள் நவமணி. பழனியாண்டி திரும்பிப் பார்க்கவில்லை.

“சாரி விக்கி, எனக்கு இது வேணாம்.” ஷாமளா காரில் ஏறினாள். பின்னாலேயே கைருலின் லோரி வெறுமையாகப் போயிற்று.

“மூணு மாசம்பா,” என்றான் விக்னேஸ்வரன். “அவ தாத்தா கதைய அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த ஒரு பலகைய மட்டும் எடுத்துட்டு வேற போட்டிருப்பேன்.”

“சொல்ற கதையாடா அது?”

“அவகிட்ட சொன்னீங்கள்ல?”

பெற்ற பிள்ளையின் காதில் அது விழக்கூடாது என்றுதான் பழனியாண்டி இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் லோரிக்காரரை வைத்துக்கொண்டு கிராணியின் பேத்தியிடமே கொட்டிவிட்டார். அம்மாசியின் மானத்தைக் காப்பாற்றியதாக நினைத்தார். மகன் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

மேசைகளை யாரும் வாங்கவில்லை. மாதக் கடைசியில் விக்னேஸ்வரன் பட்டறையைப் பூட்டிச் சாவியை அம்மாவின் கையில் கொடுத்தான்.

மகன் அப்பனை வீட்டைவிட்டு விரட்டிவிட்டான் என்று ஊர் தாண்டி கோத்தா கோலா மூடா வரைக்கும் பேசுகிறார்கள். அது பொய். பழனியாண்டி அதே வீட்டில்தான் இருக்கிறார். போனவன் மகன்.