மருமகளின் குரல்

கல்யாணமாகி நாலு வருஷமாயிற்று. இந்த நாலு வருஷத்தில் கோசமாவின் குரலை அவள் மாமனார் தெம்போலாத் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஒசேத்திய மலைக்காரர் வீட்டு மருமகள் மாமனார் முன் வாய் திறக்கக் கூடாது. சொல்ல வேண்டியதை மாமியாரிடம் சொல்வாள், மாமியார் கிழவரிடம் சொல்வாள். மருமகள் என்றால் இவள்தான் என்று ஊரே மெச்சியது. மெச்சுகிறவர்களுக்கென்ன, வாயைக் கட்டிக்கொண்டு கிடப்பது அவர்களா?

அன்று காலை தண்ணீருக்குப் போனவள், மரப்பாலத்தின் நடுப்பலகைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்ததைப் பார்த்தாள். குறுக்குவழியில் ஓடிவந்து சொன்னதும் மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அக்கரைக் கோயில் விருந்துக்குக் கிழவர் அப்போதுதான் வண்டிப்பாதையில் கிளம்பியிருந்தார், கோசமாவின் இரண்டு வயது மகள் ஆசியத்தையும் தூக்கிக்கொண்டு.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் கிழவரின் கைத்தடி கல்லில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. சறுக்கி விழுந்ததில் கணுக்கால் பிசகிக்கொண்டது. இனி எட்டிப் பிடிக்க முடியாது, கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. திறக்காமலிருக்க அதைவிடப் பயமாக இருந்தது.

"மாமா, நில்லுங்க. பாலம் உடைஞ்சு கிடக்கு."

கைத்தடிச் சத்தம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகக் கிளம்பியது.

ஏனென்று அவளுக்குப் புரிந்தது. பனிக்குள்ளிருந்து தெரியாத பெண்குரல் கூப்பிட்டால் நிற்கக் கூடாது, அது ஆளைக் கொண்டுபோகிற பேய் என்று அந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"நான்தான் மாமா, உங்க மருமக."

"என் மருமக வாயே திறக்க மாட்டா," என்றார் கிழவர். "யாரை ஏமாத்தப் பாக்கறே? போயிடு."

மகளின் பேரைச் சொல்லிக் கத்தினாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. பேயொன்று குழந்தையின் பேரைச் சொல்கிறதென்றால் குழந்தைக்காகத்தானே வந்திருக்கிறது? கிழவர் ஆண்களைக் காக்கும் தெய்வத்தை வாய்விட்டு வேண்டிக்கொண்டே ஓடத் தொடங்கினார். ஆற்றின் இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்தது. பலகையில் கால் பதியும் சத்தம் கேட்டது. அடுத்த காலும் பதிந்தது.

கோசமா வார்த்தையில்லாமல் கதறினாள்.

அந்தக் கதறலில்தான், கிழவரின் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்தது.

"தாத்தா, அம்மா," என்றது சந்தோஷமாக.

பலகைச் சத்தம் நின்றது.

நொண்டிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது கிழவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஒரு முழம் தள்ளிப் பலகை இல்லை, தண்ணீர்தான் ஓடியது. அவளை ஏறிட்டுப் பார்க்க அவரால் முடியவில்லை.

"உன் குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதும்மா," என்றார். "இனிமே என் முன்னால பேசு. நானே சொல்றேன், பேசு."

குழந்தையைப் பிடுங்கி அணைத்துக்கொண்டாள். முறைப்படி அவள் தலைகுனிந்து நின்றிருக்க வேண்டும்.

"இந்தக் குளிர்ல தலைக்கு ஒண்ணும் போடாமலா பிள்ளையைத் தூக்கிட்டு வருவாங்க?" என்றாள்.

கிழவர் எந்த ஆண்பிள்ளை முன்னாலும் கழற்றாத தன் ஆட்டுத்தோல் தொப்பியைக் கழற்றிக் குழந்தையின் தலையில் வைத்தார்.